அண்ணனும் ஒரு பக்கம் இழுத்த டிரக்டரும்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இன்று எங்கள் லயத்து வீடான இந்தக் காம்பராவுக்கு வந்து அவர் படத்துக்கு முன் அமர்ந்திருக்கும் சொந்தங்களுக்கும் தோட்டத்து மக்களுக்கும், உடன்பிறந்த தங்கை என்ற முறையில் சில வார்த்தைகள் எழுதுகிறேன்.

நோர்வூட்டுக்கு மேலேயுள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்தில்தான் அண்ணன் பிறந்தார். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது சரிவில் விழுந்து இடுப்பொடிந்து படுத்த பிறகு, குடும்பம் முழுவதும் அண்ணனைத்தான் நம்பியிருந்தது. லொறியில் கிளீனராகச் சேர்ந்து, ஓட்டக் கற்று, தோட்டத்து டிரைவரானார். என்னைக் கொழுந்தெடுக்க அனுப்பலாமே என்று கேட்டவர்களிடம், "அது படிக்கட்டும்" என்பதோடு முடித்துக்கொள்வார். கோபத்திலும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

தண்ணீர் வடியும் கான் வெட்டவும் ரோடு திருத்தவும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை ஒரு பழைய டிரக்டரை வாங்கினார். முன்னால் மண் அள்ளும் வாளி, பின்னால் தோண்டும் நீண்ட இரும்புக் கை. வந்த நாளிலிருந்தே அதன் ஸ்டீரிங்கில் ஆட்டம் இருந்தது. பிரேக் மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. அண்ணனும், தேயிலை ஆலையான ஸ்டோரில் மெஷின் பார்க்கும், நாங்கள் பாஸ் என்று கூப்பிடும் சிங்கள மெக்கானிக்கும் சேர்ந்து ஸ்டீரிங் கம்பியில் தேய்ந்திருந்த மூட்டுகளை மாற்றினார்கள். ஆட்டம் நின்றது. இழுப்பதும் நின்றுவிடும் என்று அண்ணன் நம்பினார். அது தப்பாகப் போயிற்று.

அந்த மழைக்காலத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்து கான் அடைபட்டது. சேற்றுத் தண்ணீர் காம்பராக்களுக்குள் வரத் தொடங்கியது. அண்ணிக்கு அப்போது நிறைமாதம். அண்ணன் கானைத் திறக்க மேலே ஸ்டோரிலிருந்து டிரக்டரை எடுத்துக்கொண்டு இறங்கினார். முதல் வளைவில் பிரேக் மிதித்ததும் வண்டி இடப்பக்கம் திரும்பித் தேயிலைக்குள் பாய்ந்தது. நேர் கீழே லயத்துக் கூரை. முன்வாளியைச் சட்டென்று தரையில் இறக்கி ஊன்றியதால்தான் வண்டி நின்றது. மெல்லப் பின்னால் எடுத்து, ஸ்டோர் வாசலுக்கே திரும்பக் கொண்டுபோனார்.

தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா அவசரப்படுத்தினார். பெண்டாட்டி கீழே இருக்கும்போது இவர் நட்டுக் கழற்றிக்கொண்டிருக்கிறாரே என்று சிலர் முணுமுணுத்தார்கள். அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, தண்ணி மெதுவாத்தாங்க வருது. இந்த வண்டி உருண்டா ஒரே அடியா லயத்த இடிச்சிரும். மொதல்ல ஆளுங்கள மேல ஏத்துங்க."

கண்டாக்கையா ஆட்களை மேலே ஏறச் சொல்லி அனுப்பினார். எல்லோரும் மூட்டை முடிச்சோடு ஸ்டோருக்கு ஏறினோம். நான் அண்ணியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தேன்.

"நடக்க முடியுதா?" என்று அண்ணன் கேட்டார்.

"முடியுது. நீங்க வேலயப் பாருங்க" என்றார் அண்ணி.

அண்ணன் ஸ்டோர் வாசலின் சமதரையில் பிரேக்கைத் தொடாமல் ஓட்டிப் பார்த்தார். வண்டி நேராகப் போனது. மிதித்ததும் இழுத்தது. "கோளாறு ஸ்டீரிங்ல இல்ல, பாஸ். எடது பிரேக் மட்டுந்தான் புடிக்குது" என்றார். இருவரும் வலப்பக்க டிரம்மைத் திறந்தார்கள். அச்சிலிருந்து எண்ணெய் கசிந்து பிரேக் கட்டை ஊறிப்போயிருந்தது. எண்ணெயைத் தடுக்க வேண்டிய தோல் வளையம் நைந்திருந்தது. மெஷின் பட்டைத் தோலில் பாஸ் புது வளையம் வெட்டினார். அண்ணன் கட்டையைப் பெட்ரோலில் கழுவி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்தார். பிறகு இரண்டு பிரேக்கும் ஒரே அளவில் பிடிக்கும்படி முறுக்கிச் சரிசெய்தார். ஈரத் தரையில் ஓட்டி நிறுத்தியபோது பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றுபோல் தடம் இழுத்திருந்தன. அதைக் குனிந்து பார்த்த பிறகுதான் அண்ணன் இறக்கத்தில் இறங்கினார்.

நாங்கள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஆள் நடக்கும் வேகத்தில் வண்டி போனது. வளைவில் நின்றது, பிறகு திரும்பியது. அண்ணி அப்போதுதான் உட்கார்ந்தார். பொழுது சாயும் முன் கான் திறந்து தண்ணீர் ஆற்றுப் பக்கம் ஓடியது. அதற்குள் கடைசிக் காம்பராவின் பின்சுவர் விழுந்துவிட்டது. உள்ளே யாரும் இல்லை. அடுத்த வாரம் அண்ணிக்குச் சுகமாகப் பெண் குழந்தை பிறந்தது.

பல வருஷம் அந்த டிரக்டரை ஓட்டிய அண்ணனை நெஞ்சு நோய் படுக்கையில் தள்ளியது. கடைசி நாட்களில் பேச மிகவும் சிரமப்பட்டார். ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "புது டிரைவர்கிட்ட சொல்லிரு, யார் அவசரப்படுத்துனாலும் வண்டி சரியில்லன்னா எறங்க வேணாம்னு" என்றார். சொல்லிவிட்டேன் அண்ணா.

ஆஸ்பத்திரிக்குப் போகத் தன் காரைத் தந்த கடைவீதி முதலாளி பாய்க்கும், முறை வைத்து அண்ணனைப் பார்த்துக்கொண்ட லயத்து மக்களுக்கும், அண்ணியைத் தனியே விடாத பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்கத்தன்று மழையில் குழி வெட்டிக்கொண்டிருந்தவர்களிடம் பாஸ் வந்து மண்வெட்டியைக் கேட்டார். வயதானவர், வேண்டாம் என்று தடுத்தார்கள். "நம்ம ஆளுக்கு நானும் வெட்டுறது" என்று வாங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். வெட்டி முடியும் வரை அவர் மேலே ஏறவில்லை. அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.