ஜீப்பில் மாறிய பயோடேட்டா

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை மாதத்தில் ஒரு காலை. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு மலைக்கு ஏறும் ஜீப்பின் பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தேன். மலைக்கு அந்தப்பக்கம், கேரளாவில், ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு இன்டர்வியூ. சப்ளை செயின் வேலை. அதாவது சரக்கு எங்கிருந்து கிளம்பி, எப்படிப் போய், யார் கைக்கு எப்போது சேர வேண்டும் என்று பார்த்துக்கொள்வது.

இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்று தவித்தேன். என் கணவர் வளைகுடா நாட்டில் இருந்தார். ஒப்பந்தம் முடியப்போகிற நேரம். ஊரில் நிலையாக ஒரு சம்பளம் வந்தால் மறுபடி கையெழுத்துப் போடாமல் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார். போட்டுவிட்டால் இன்னும் சில வருடங்கள் போன் திரையில்தான் குடித்தனம். அதுவரை நான் அனுப்பிய பயோடேட்டாக்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல். இந்த ஒரு கம்பெனிதான், என்ன நினைத்தார்களோ, வரச் சொல்லியிருந்தது.

மடியில் பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே, இன்டர்நெட்டில் கிடைத்த ஒரு மாதிரியைப் பார்த்து ஆங்கிலத்தில் தயாரித்த இரண்டு பக்கம். கடின உழைப்பாளி, எல்லோருடனும் இணைந்து செயல்படுபவர், எந்தச் சவாலையும் சந்திக்கத் துடிப்பவர்... படித்தால் எனக்கே என்மேல் மரியாதை வரும். கல்யாணத்துக்குப் பிந்தைய வருடங்களுக்கு மட்டும் 'இல்லத்தரசி' என்ற ஒரே சொல்.

ஜீப் கிளம்பியதிலிருந்து என் போன் ஓயவில்லை. சபரிமலை சீசனில் குமுளிப் பாதையை இறங்கும் வண்டிகளுக்கு விட்டுவிட்டு, ஏறும் வண்டிகளையெல்லாம் கம்பம்மெட்டுப் பக்கம் திருப்பிவிடுவார்கள். அன்று சரியான நெரிசல். என் மாமனாரின் திராட்சை மண்டியிலிருந்து கிளம்பிய வண்டி எங்களுக்கு முன்னால் எங்கோ மாட்டிக்கொண்டது. மாமனாருக்குப் போனில் பேசப் பொறுமை கிடையாது. அந்த வேலையெல்லாம் என் தலையில். நிழலாகப் பார்த்து ஓரங்கட்டி, காற்றுப் போகத் தார்ப்பாயைத் தளர்த்தும்படி டிரைவரிடம் சொன்னேன். சரக்கு மதியத்துக்கு மேல்தான் வரும் என்று அந்தப்பக்கத்து வியாபாரியைச் சமாதானப்படுத்தினேன். அடுத்த லோடுக்கு இப்போது பழம் வெட்ட வேண்டாம், கொடியிலேயே இருக்கட்டும் என்று மாமனாரிடம் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் ஜீப்பும் நின்றுவிட்டது.

பக்கத்தில் இருந்தவர் மேலே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராத ரகம். எங்கே போகிறாய், ஃபைலில் என்ன என்று கேட்டு, கூச்சமே இல்லாமல் வாங்கிப் படித்தார்.

"ஏம்மா, இது யாரைப் பத்தி எழுதியிருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. "என்னையப் பத்தித்தான்க்கா."

"அப்ப இம்புட்டு நேரம் போன்ல பேசுனது யாரு?"

"அது வீட்டு வேலைக்கா. அதுக்குச் சம்பளமா குடுக்குறாக?"

எங்கள் பக்கம் அப்படித்தான். சொந்தத் தோட்டத்திலும் சொந்த மண்டியிலும் நாள் முழுக்க ஓடினாலும், என்ன செய்கிறாய் என்று கேட்டால் 'சும்மாதான் இருக்கேன்' என்போம். அதையே நான் ஆங்கிலத்தில் டைப் அடித்து வைத்திருந்தேன்.

அந்த அக்கா சிரித்தார். "டூட்டி மாறும்போது நாங்களும் எழுதி வைப்போம். யாருக்கு என்ன செஞ்சோம், அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு. நான் ரொம்பப் பொறுமைசாலின்னு எழுதி வச்சா, அடுத்து வர்றவளுக்கு என்ன பிரயோஜனம்?"

பிறகு ஆரம்பித்தது கேள்வி மழை. எந்தெந்த ஊருக்குச் சரக்கு போகிறது? வண்டியை யார் பிடிப்பது? பழம் நசுங்கினால் யார் பொறுப்பு? மழை வந்தால் என்ன செய்வாய்? பதில் சொல்லச் சொல்ல எனக்கே வேடிக்கையாக இருந்தது. இத்தனையும் யோசித்தா செய்துகொண்டிருந்தேன்? அவர் கேட்க, நான் போனில் இருந்த பயோடேட்டாவைத் திருத்தினேன். உற்சாகத்தில் 'சேதாரத்தை முப்பது சதவீதம் குறைத்தேன்' என்று அடித்தேன். இன்டர்நெட் மாதிரியில் அப்படித்தான் இருந்தது.

"அளந்து பாத்தியா?"

"இல்லக்கா."

"அப்ப எடுத்துரு."

எடுத்துவிட்டேன். பெட்டி அடுக்கும் முறையை மாற்றியதையும், அதன்பிறகு வியாபாரிகள் பழத்தைத் திருப்பி அனுப்புவது குறைந்ததையும் மட்டும் எழுதினேன். 'இல்லத்தரசி' போய், 'குடும்பத் திராட்சை மண்டியில் சரக்கு அனுப்பும் பொறுப்பு' வந்தது. கடின உழைப்பாளியும் துடிப்பும் போனதில் இரண்டு பக்கம் ஒரு பக்கமானது. ஜீப்பிலிருந்து இறங்கியதும், டூட்டிக்கு நேரமாகியும், ஜெராக்ஸ் கடை வரை கூட வந்து பிரிண்ட் எடுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் அந்த அக்கா போனார்.

இன்டர்வியூவில் என் மார்க்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பாதை அடைத்தால் பழத்தை வெட்டாமல் கொடியிலேயே விடுவதாக எழுதியிருந்த வரியில் விரலை வைத்து, ஏன் என்று கேட்டார்கள். அதிலிருந்து பேச்சு வளர்ந்துகொண்டே போனது. அடுத்த வாரம் வேலைக்கு வரச் சொல்லிப் போன் வந்தபோது அடுப்படியில் நின்று அழுதுவிட்டேன்.

உடனே கணவரைக் கூப்பிட்டு, அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"இம்புட்டும் நீயா பாத்த? அப்பா பாக்குறாருன்னுல்ல நெனச்சேன்."

எனக்கு வலிக்கத்தான் செய்தது. பதிலுக்கு வெடுக்கென்று ஏதாவது கேட்க வேண்டும் போலிருந்தது. "சரி, நீங்க அங்கன என்னதான் வேலை பாக்குறீக?" என்றேன்.

கேட்ட பிறகுதான் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. குடோனில் வேலை என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. சாப்பிட்டீகளா, தூங்குனீகளா, வெயில் அதிகமா என்று தினமும் கேட்டவள், இதை ஒருநாளும் கேட்டதில்லை. அவர் முதலில் வெட்கப்பட்டார். பிறகு, சீக்கிரம் காலாவதியாகும் மருந்துப் பெட்டிகளை முன்வரிசைக்குக் கொண்டுவருவதில் ஆரம்பித்து, பேசிக்கொண்டே இருந்தார். அவ்வளவு உற்சாகமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு காகிதத்தை எடுத்து, அவர் சொல்வதையெல்லாம் எழுத ஆரம்பித்தேன்.

அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. நான் எழுதிய அந்தப் பக்கத்தோடுதான் தேனியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் அவர் ஊருக்கு விமானம் ஏறிய நாளுக்கு முன்பே, அந்தப் போன் பேச்சில்தான், என் கணவர் என்னிடம் திரும்பி வந்தார் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.