வெள்ளைச் சொக்கை

அந்தப் படத்தில் ஒரு பறவை இருக்கிறது என்பது மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது. சூரியனை நோக்கிக் கைபேசியில் எடுத்த படம். பளபளக்கும் ஏரி, அதற்கு மேல் கறுப்பாக ஒரு உருவம், விரித்த இறக்கைகள். கீழே நோர்வேஜிய மொழியில் சுருக்கமான குறிப்பு: ஆலா, வயிறு கறுப்பு, அலகு சிவப்பு.

ஒஸ்லோவில் நான் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். சென்னையில் இருந்தபோது பறவை பார்ப்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். இங்கே வந்த பிறகு, மக்கள் தாங்கள் கண்ட பறவைகளைப் பதிவிடும் இணையதளம் ஒன்றில் நானும் பதிய ஆரம்பித்தேன். கொஞ்ச காலத்தில், ஒஸ்லோ பகுதியிலிருந்து வரும் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர்களில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். யாராவது வழக்கத்துக்கு மாறாக எதையாவது கண்டதாகச் சொன்னால் விசாரிக்க வேண்டும். உண்மையிலேயே அரிதானது என்று தோன்றினால் விவரங்களைத் திரட்டி, முடிவு சொல்லும் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அநேகமாக அந்த நிலை வராது. கழுகு என்று வருவது காகமாக முடியும். ஒரு முறை அபூர்வப் பச்சைப் பறவை என்று வந்தது, யாருடைய கூண்டிலிருந்தோ தப்பிய கிளி.

ஆலாக்கள் ஒஸ்லோவுக்குப் புதிதல்ல. கோடை வந்தால் நகரை ஒட்டி உள்ளே நீளும் கடற்கழியான ஃபியோர்டு முழுக்கத் திரியும். ஒல்லியான வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி போட்டது போன்ற தலை, மீனைக் கண்டால் அம்பு மாதிரி தண்ணீரில் பாய்ச்சல். ஆனால் அவற்றின் வயிறு கறுப்பு இல்லை. வயிறு கறுத்து, அலகு சிவந்த ஆலா என்றால் அது மீசை ஆலாவாக இருக்கலாம். நோர்வேக்கு அது எப்போதாவது வழிதவறி வருகிற விருந்தாளி. எனக்கோ பழகிய பறவை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாகப் பார்த்திருக்கிறேன்.

பிரச்சினை, வெளிச்சம். சூரியனுக்கு எதிராகப் பார்த்தால் வெள்ளை வயிறும் கறுப்பாகத்தான் தெரியும். பதிவை அப்படியே ஒதுக்கியிருக்கலாம். அலகின் சிவப்பு என்னை யோசிக்க வைத்தது. கூடவே, அனுப்பியவர் பெயர் தமிழ்ப் பெயர். இந்தத் தளத்தில் தமிழ்ப் பெயரை நான் அடிக்கடி பார்த்ததில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன்.

இளம்பெண் குரல் எடுத்தது. நான் யார் என்று சொன்னதும், “அது அம்மா கண்டது, நான் பதிஞ்சு மட்டும்தான் விட்டனான். பில்டே வடிவா இல்லை, தெரியும். நீங்கள் அம்மாவோடையே கதையுங்கோ” என்றாள். பில்டே என்றால் இங்கே படம்.

அம்மாவின் குரலில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. ஏரிக்குப் பக்கத்தில் உள்ள பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பில் வேலை. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்திருந்ததால் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேலை முடிந்து ஏரிக்கரையில் நடக்கும்போதுதான் பறவையைக் கண்டிருக்கிறார். பேச்சிலேயே யாழ்ப்பாணம் என்று தெரிந்தது. என்னைவிட மூத்தவர் என்பதும் தெரிந்தது. அக்கா என்றே கூப்பிட்டேன்.

இந்த வேலையில் நான் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கிற ஒரு விஷயம் உண்டு. பதிலை என் கேள்விக்குள் வைக்கக் கூடாது. வயிறு கறுப்பா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

“அது பாக்க எப்படி இருந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்கக்கா. நான் நடுவுல பேச மாட்டேன்.”

“தலையில தொப்பி போட்டது மாதிரிக் கறுப்பு. சொண்டு சிவப்பு. சொக்கை வெள்ளை, பளிச்செண்டு. மற்றதெல்லாம் சாம்பலும் கறுப்பும்தான்.”

சொண்டு என்றால் அலகு என்பது எனக்குத் தெரியும். அடுத்த சொல்லை நான் சொக்காய் என்று கேட்டேன். சென்னையில் எங்கள் வீட்டில் சட்டையைச் சொக்காய் என்பார்கள். பறவைக்குத் தொப்பி போட்டவர் சட்டையும் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சட்டை என்றால் மார்பு.

“சொக்கா வெள்ளைதான், நிச்சயமா?”

“ஓம். அதுதான் முதல்ல கண்ணில பட்டது.”

மார்பு பளிச்சென்று வெள்ளை என்றால் அது ஃபியோர்டில் தினமும் பறக்கிற சாதாரண ஆலாதான். சாம்பல் என்றது முதுகை. கறுத்த வயிறு நிழலின் வேலை. நன்றி சொல்லி வைத்துவிட்டு, பதிவின் கீழே எழுதினேன்: கண்டவரிடம் பேசினேன், மார்பு வெள்ளை என்கிறார், வழக்கமான ஆலாவாக இருக்க வேண்டும்.

மறுநாள் மாலை அவரே கூப்பிட்டார். கூச்சமெல்லாம் போயிருந்தது.

“தங்கச்சி, என்னை நம்பேல்லை எண்டா நம்பேல்லை எண்டு எழுதுங்கோ. நான் சொல்லாததைச் சொன்னதா எழுதக் கூடாது. நெஞ்சு வெள்ளை எண்டு நான் எப்ப சொன்னனான்?”

“சொக்கா வெள்ளைன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?”

“ஓம், சொக்கை வெள்ளை.”

“சொக்கான்னா சட்டைதானே?”

மறுமுனையில் கையால் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது.

“கேக்குதோ? இதுதான் சொக்கை. என்ர கன்னத்தில தட்டுறன். குருவிக்கு ஆர் பிள்ளை சட்டை போட்டு விட்டது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, அவரும் சிரித்தார். ஆனால் என் தலைக்குள் எல்லாமே இடம் மாறிக்கொண்டிருந்தது. கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கன்னம், அதற்குக் கீழே மறுபடியும் சாம்பலும் கறுப்பும். வெளிச்சம் வயிற்றைக் கறுப்பாக்கும். கன்னத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவைக்காது. மகளிடமும் கன்னத்தைப் பற்றிச் சொல்லியிருந்தாராம். அது முக்கியமில்லை என்று அவள் எழுதாமல் விட்டிருக்கிறாள்.

அப்போதுதான் தன் கோபத்துக்கு இன்னொரு காரணத்தையும் சொன்னார். முன்பு ஒரு பனிக்காலத்தில், ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் உள்ள மரங்களுக்கிடையில் ஒரு காட்டுப்பூனையைக் கண்டாராம், காதில் குஞ்சம் வைத்தது. நோர்வேயில் அப்படி ஒரு பெரிய காட்டுப்பூனை உண்மையிலேயே உண்டு. வீட்டில் யாரும் நம்பவில்லை. கணவர் அதைத் தெரிந்தவர்களின் பிறந்தநாள் விழாக்களில் எல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார்.

“அதுக்குப் பிறகு நான் எதைக் கண்டாலும் இவருக்குப் பகிடிதான். நீங்களாவது நம்புறீங்களோ?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பேச்சு இனிமையாக முடிந்திருக்கும். ஆனால் இன்னொரு ஆலா குறுக்கே நின்றது. வட துருவப் பகுதி வரை போய் முட்டையிடுகிற ஆலா. அதற்கும் அலகு சிவப்பு, வயிறு வெளிர் சாம்பல், கன்னத்தில் வெள்ளைக் கீற்று. வசந்தத்தில் ஒஸ்லோ வழியாகத்தான் வடக்கே போகும். இதை அவரிடம் சொன்னேன். “நீங்க பொய் சொல்றீங்கன்னு இல்லக்கா. கண்ணு எல்லாரையும் ஏமாத்தும். என்னையும்தான்.”

“அப்ப நம்பேல்லை.”

“இன்னும் தெரியலக்கா. நீங்க பாக்கும்போது அது என்ன பண்ணிட்டிருந்துச்சு?”

“தண்ணிக்கு மேலால தாழப் பறந்து, சொண்டால கொத்திக் கொத்திப் போச்சு. மற்றதுகள் மாதிரித் தண்ணிக்குள்ள விழவேயில்லை.”

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மற்ற இரண்டும் பெரும்பாலும் பாய்ந்து மீன் பிடிப்பவை. மீசை ஆலா நீர்ப்பரப்பில் இருக்கும் பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டே போகும். பள்ளிக்கரணையில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

“சனிக்கிழமை வந்து காட்டுறீங்களா?”

“காட்டுறதுக்கு அது என்ர வீட்டுக் கோழியே? வாறன், பாப்பம்.”

அவர் வீடு ஹவுகன்ஸ்டுவாவில். நான் இருப்பது ரொம்மனில், அடுத்த பகுதி. காய்கறிக் கடை வரிசையில் எத்தனை முறை முன்னும் பின்னுமாக நின்றிருப்போமோ. சனிக்கிழமை ரொம்மன் நிலையத்தில் சந்தித்து டீ-பானா என்கிற மெட்ரோ ரயில் ஏறினோம். கையில் சில்வர்ப் பேப்பரில் சுற்றிய ரோல்ஸ் வைத்திருந்தார். வழியெல்லாம் நான் பேசுவதைக் கேட்டு, “உங்கட தமிழ் ஓடுற பஸ் மாதிரி, ஏறவே விடுதில்லை” என்றார். நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

ஏரியில் வெயில் கொளுத்தியது. நாணல் பக்கம் கடற்காக்கைகள் ஒரே கூச்சல். சாதாரண ஆலாக்கள் சில வந்து பாய்ந்து மீன் பிடித்தன. ஒவ்வொன்றையும் என் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, “இது இல்லை” என்று திருப்பிக் கொடுத்தார். திடீரென்று சூரியப் பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. முழுக்கக் கறுப்பு.

“அதுதான்! அதுதான் தங்கச்சி!”

அது எங்கள் தலைக்கு மேல் வந்து திரும்பியது. வயிறு வெள்ளை வெளேரென்று இருந்தது. அலகில் ஒரு சின்ன மீன்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். “இதைத்தானோ நான் கண்டனான்?” என்றார். என்னிடம் கேட்கவில்லை, தனக்குள் கேட்டுக்கொண்டார். “சொக்கையைக் கண்டனான் எண்டு சத்தியம் பண்ணுவன். ஆனா இப்ப சத்தியம் பண்ணப் பயமாக் கிடக்கு.”

நான் சந்தேகப்பட்டது கண்ணெதிரே நிரூபணமாகிவிட்டது. அதில் எனக்குத் திருப்தி வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ரோல்ஸைப் பிரித்துச் சாப்பிட்டோம். கிளம்பலாமா என்று கேட்க வாயெடுத்தபோது மேகம் மூடியது. மழை மெல்லப் பிடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. மழை வந்தால் பூச்சிகள் தாழ இறங்கும், அவற்றைத் தின்னும் பறவைகளும் இறங்கும் என்பதால் குடையை விரித்துக்கொண்டு இருந்துவிட்டோம்.

முதலில் தகைவிலான் குருவிகள் வந்தன, நீரைத் தொடுகிற மாதிரி. அவற்றுக்கு நடுவில் கொஞ்சம் பெரிதாக இன்னொன்று தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவராகச் சொல்ல வேண்டும்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். இந்த முறை அதுதான் என்று சொல்லவில்லை. பார்ப்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார். “வயிறு கறுப்பு. இப்ப வெயில் இல்லை, எண்டாலும் கறுப்பு. கொத்துது. விழேல்லை. சொக்கை வெள்ளை.”

ஏரிக்குள் நின்ற ஒரு கட்டையில் அது வந்து உட்கார்ந்தது. வால் குட்டை. துருவ ஆலாவுக்கு வால் நீளமாகப் பின்னால் தொங்கும். நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். மழைச் சாரலில் பாதி வீணாகப் போனது. ஆயிரக்கணக்கில் பார்த்த பறவைதான். ஆனால் சென்னைக்கு அது குளிர்காலத்தில் வரும்போது உடம்பெல்லாம் வெளுத்து, தலை மங்கி, அலகு கறுத்து இருக்கும். அதற்கு ஏன் மீசை என்று பெயர் வைத்தார்கள் என்று நான் யோசித்ததுகூட இல்லை. கோடையின் முழு அலங்காரத்தில் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். கறுப்புத் தொப்பிக்கும் சாம்பல் கழுத்துக்கும் நடுவில் அந்த வெள்ளை, நரைத்த மீசையைப் பின்னால் வாரிவிட்டது போலவே இருந்தது.

“இப்ப?” என்றார் அக்கா.

“மீசை ஆலாதான்க்கா. சந்தேகமே இல்ல.”

உடனே கணவருக்கு வீடியோ அழைப்புப் போட்டு ஏரிப் பக்கம் திருப்பிப் பிடித்தார். “ஒண்டும் தெரியேல்லையே, மழைதான் தெரியுது” என்று அவர் குரல் கேட்டது. அக்கா சிரித்தபடி வைத்துவிட்டார்.

நான் தகவல் அனுப்பியதும், மாலைக்குள் தொலைநோக்கிகளோடும் முக்காலிகளோடும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று அக்கா நோர்வேஜிய மொழியில் எல்லாருக்கும் கை காட்டிக்கொண்டு நின்றார். முழங்கால் வலிக்கவில்லையா என்று கேட்டேன். “வலிக்குது, பிறகு பாப்பம்” என்றார். சில நாட்களில் பறவை போய்விட்டது.

குழுவுக்கு அனுப்பிய அறிக்கையில், கண்டவர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டேன். அவர் சொன்னவற்றை அவர் சொன்ன வரிசையிலேயே மொழிபெயர்த்தேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். பனி விழத் தொடங்கிய பிறகு, பதிவு ஏற்கப்பட்டது என்று பதில் வந்தது. கூப்பிட்டுச் சொன்னேன். கணவர் பறவையை ஒத்துக்கொண்டாராம். காட்டுப்பூனை விஷயத்தில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறதாம்.

பிறகு அவர் கேட்டார். “அது இப்ப எங்கை நிக்கும்? உங்கட சென்னையிலயோ?”

“இந்தப் பக்கத்துப் பறவைங்க ஆப்பிரிக்காவுக்குத்தான் போகும்னு சொல்றாங்கக்கா.”

“அப்ப இஞ்சை ஏன் வந்தது?”

தெற்கிலிருந்து திரும்பும்போது காற்று தள்ளியிருக்கலாம், துணை தேடிக் கொஞ்சம் அதிகமாக வடக்கே வந்திருக்கலாம், போகிற கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்றேன். ஆய்வாளர்கள் மாட்டுகிற அடையாள வளையம் காலில் இல்லாததால் எங்கே பிறந்தது என்றுகூடத் தெரியாது.

“இவ்வளவு விசாரிச்சும் அது தெரியாதோ?”

“தெரியாதுக்கா.”

“பாருங்கோவன்” என்று சந்தோஷமாகச் சொன்னார். தெரியாதது இன்னும் மிச்சம் இருக்கிறதே என்ற அந்தச் சந்தோஷம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒரு தொலைநோக்கி வாங்கிவிட்டார். பதிவுகளையும் அவரே போடுகிறார், மகளைக் கேட்பதில்லை. பெரும்பாலும் வாத்துகள், சரியாகவே இருக்கின்றன. போன வாரம் ஒன்று வந்தது: கொக்கு மாதிரி, ஆனால் கொக்கு இல்லை, கழுத்து சரியில்லை. படம் மங்கல். கழுத்து எப்படிச் சரியில்லை என்று கேட்டு இன்றைக்குத்தான் எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.