சகலை காரின் டிக்கி

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் எழுமலைக்காரர். ஊரில் விதையும் உரமும் விற்கும் கடை வைத்திருக்கிறார், தோட்டமும் கிணறும் உண்டு. அவர் வருவதற்கு முன் திருப்பரங்குன்றத்து மாமனார் வீட்டில் நான்தான் ஒரே மருமகன். ஆட்டுக்கறி எடுத்தால் ஈரல் நேராக என் இலைக்கு வரும். அவர் வந்ததும் ஈரல் இரண்டாகப் பங்கானது. அதைப் பொறுத்துக்கொண்டேன். அவருடைய காரைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. தேனி, விருதுநகர், ராஜபாளையம் என்று வாரம் முழுக்கக் காரிலேயே கழியும். பாட்டு இல்லாமல் நான் வண்டி எடுத்ததில்லை. எந்த ஸ்பீக்கர் வாங்கலாம், எந்தப் பாட்டு எதில் கேட்டால் நன்றாக இருக்கும் என்று சொந்தக்காரர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். எனக்கு அது பெரிய பதவி மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை மாமனார் வீட்டு வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி டிக்கியைத் திறந்தார். பெரிய மரப்பெட்டியில், அடிச் சத்தத்துக்கென்றே இருக்கும் பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் ஸ்பீக்கர் இரண்டு, பக்கத்தில் அவற்றை ஓட்டும் ஒரு ஆம்ப்ளிஃபையர். பாட்டைப் போட்டதும் எதிர்வீட்டு ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். கோயிலுக்குக் கிளம்பியபோது பிள்ளைகள் எல்லாம் அவர் காரில் ஏறிக்கொண்டார்கள், என் மகளும்தான். என் காரில் நானும் மாமனாரும் மட்டும் போனோம். மாமனாருக்குப் பாட்டே பிடிக்காது.

வீட்டுக்குத் திரும்பும்போது மகள், "சித்தப்பா கார்ல பாட்டு நெஞ்சுக்குள்ள கேக்குதுப்பா" என்றாள். கோச்சடையில் எங்கள் வீடு வந்து சேரும்வரை என் கார்ப் பாட்டின் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன்.

அடுத்த மாதமே நானும் ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். அவருடையதைவிடப் பெரியது. பெட்டியில் போட்டிருந்த வாட்ஸ் எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன், வேறு எதையும் பார்க்கவில்லை. சப்வூஃபர் ஒன்றும் வாங்கினேன். கடைக்காரரிடம் பொருத்தச் சொன்னால் செய்தி எப்படியாவது சகலை காதுக்குப் போய்விடும் என்று நினைத்து, நானே வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஒயரை இழுத்தேன். பாட்டைப் போட்டேன். இரண்டு அடி அடித்தது, உடனே ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் நின்றுவிட்டது. கெட்டுப்போகாமல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்று அந்த விளக்குக்கு அர்த்தம்.

அதற்கப்புறம் பல ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. வீடியோ பார்த்தேன், மீட்டர் வாங்கினேன், ஒயரை மாற்றி மாற்றிக் கட்டினேன். மெதுவாகத்தான் விஷயம் புரிந்தது. சப்வூஃபருக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது, என்னுடையதில் இரண்டு. மின்சாரத்துக்கு அந்தச் சுருள் காட்டும் தடையை ஓம் கணக்கில் சொல்வார்கள். தடை குறையக் குறைய ஆம்ப்ளிஃபையர் அதிகமாகத் தள்ளவேண்டும். எவ்வளவு குறைந்தால் தாங்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை உண்டு. என் ஆம்ப்ளிஃபையர் நாலு ஓமுக்குக் கீழே தாங்காது. என் சப்வூஃபரின் இரண்டு சுருளும் நாலு நாலு ஓம். பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டினால் தடை பாதியாகி இரண்டு ஓம், அதனால்தான் சிவப்பு விளக்கு. ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினால் இரண்டும் கூடி எட்டு ஓம், அப்போது சத்தம் சோர்ந்துபோய்க் கேட்டது. நாலு ஓம் அதில் வரவே வராது. கடைசியில் சப்வூஃபரையே மாற்றினேன். புதியதில் சுருள் ஒவ்வொன்றும் இரண்டு ஓம், ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டியதும் சரியாக நாலு வந்தது.

அன்றைக்கு முதல் பாட்டு கேட்டபோது எனக்குப் பாட்டு காதில் ஏறவில்லை. சகலை முகம் எப்படிப் போகும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மகனுக்குக் காதுகுத்து வந்தது. எழுமலைக்கு வெளியே, அவர்கள் குலசாமி கோயில். புளியமரங்களுக்கு நடுவே பந்தல் போட்டிருந்தார்கள், பின்னால் கிடாய் வெட்டிச் சமையல் நடந்துகொண்டிருந்தது. நான் அவர் காருக்குப் பக்கத்திலேயே என் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து பாட்டைப் போட்டேன். அவருடையதும் ஓடிக்கொண்டிருந்தது. என்னுடையது பாடுகிறது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. சகலை மட்டும் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். அவர் மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

பையன் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மாமன் மடியில் உட்காரப்போகிற நேரத்தில் சகலையின் காரில் பாட்டு சட்டென்று நின்றுபோனது. ஆடிக்கொண்டிருந்த அவர் பங்காளி வீட்டு இளவட்டங்கள் அப்படியே நின்றார்கள். ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு. எனக்கு உள்ளுக்குள் இளநீர் குடித்த மாதிரி இருந்தது. என் காரில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

அப்போது சகலை நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, நீங்க இதையே படிச்சுக்கிட்டு இருக்கீகன்னு மதினி சொல்லுச்சு. ஒரு எட்டு பாருங்களேன்."

என் மனைவி பந்தலுக்குள் தங்கையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் நான் ரகசியமாக வைத்திருந்ததை அவள் எப்போதோ சொல்லிவிட்டிருந்தாள்.

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஆம்ப்ளிஃபையரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அது இரண்டு ஓம் வரைதான் தாங்கும் என்று அதிலேயே போட்டிருந்தது. இரண்டு சப்வூஃபரிலும் சேர்த்து நாலு சுருள், எல்லாம் நாலு ஓம். பொருத்தியவர் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டியிருந்தார். மீட்டர் ஒன்றுக்கும் கீழே காட்டியது. இத்தனை நாள் ஜன்னலை அதிர வைத்ததெல்லாம் அது மூச்சுமுட்டிப் போட்ட சத்தம்தான்.

சகலை என்ன கோளாறு என்று கேட்டார்.

"உங்க கெணத்து மோட்டார்ல ஒரே நேரத்துல நாலு மடையையும் தொறந்து விட்டா என்னாகும்? அந்தக் கதைதான்" என்றேன்.

அவருக்கு உடனே பிடிபட்டது. சுற்றி நின்றவர்களிடம் திரும்பி அதையே விளக்க ஆரம்பித்தார். மோட்டார் எப்படித் திணறும், மடையை எப்படி மாற்றி வைக்கவேண்டும் என்று கையை ஆட்டி அவர் சொன்னதில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். நான் சொன்ன உதாரணம் அவர் வாயில் என்னைவிட அழகாக வந்தது.

ஒவ்வொரு சப்வூஃபரிலும் சுருள்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, பிறகு இரண்டு சப்வூஃபரையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டினேன். நாலு ஓம் வந்தது. சத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் நிற்காது என்று அவரிடம் சொன்னேன். மனசுக்குள் குறையட்டும் என்றே இருந்தது. சூடு ஆறியதும் ஆம்ப்ளிஃபையரின் சத்த அளவையும் நான் சரிசெய்தேன், பாட்டைப் போட்டார்கள். சத்தம் முன்பைவிடக் குறைவுதான். ஆனால் அதுவரை பொதபொதவென்று ஒன்றாக விழுந்த அடி, தனித்தனியாக உருண்டு திரண்டு வந்தது. என் கார் ஒருநாளும் அப்படிப் பாடியதில்லை, பாடவும் போவதில்லை. அவரிடம் இருப்பது இரண்டு, என்னிடம் ஒன்று.

சகலை என் தோளைப் பிடித்துப் பந்தலுக்குள் இழுத்துக்கொண்டு போனார். இதைச் சரிசெய்தது அண்ணன்தான், கடைக்காரனுக்கே தெரியாததைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பந்திக்கு உட்கார்ந்ததும் தன் இலையில் விழுந்த ஈரலை என் இலைக்கு மாற்றினார்.

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த தன் அண்ணியிடம், "எங்க சின்ன மாப்ளைக்கு எம்புட்டுப் பெரிய மனசு பாத்தீகளா" என்றார்.

நான் சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய?

அதோடு முடியவில்லை. எழுமலைப் பக்கம் யார் காரில் சப்வூஃபர் மக்கர் செய்தாலும் சகலை என் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புகிறார். சனி, ஞாயிறு ஆனால் கோச்சடையில் என் வாசலில் ஒரு காராவது நிற்கிறது. எனக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது, அதை மறைக்க ஒன்றும் இல்லை. சிவப்பு விளக்கோடு வந்த கார் பாடிக்கொண்டே போவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் காரை விட்டு இறங்கியதும் முதலில் சகலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கடனுக்கு உரம் கொடுத்தாராம், ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தாராம்.

போன வாரம் உசிலம்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். மாட்டு வியாபாரி, புதுக் கார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கதான் எழுமலைக் கடைக்காரரோட சகலையா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லி, டிக்கியைத் திறக்கச் சொன்னேன்.