பிரசாதம் ஸ்வீட் கணக்கில் வருமா?

போன வாரம் திருப்பதியில் ஒரு எலும்பு டாக்டரின் அறை. பக்கத்தில் அக்கா. உடைந்தது அவள் கால்தான்... ஆனால் ஜில்லிட்டுப் போனது என் கை!

அக்கா புத்தூரில் இருக்கிறாள். சில மாதங்களுக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, பிளேட் வைத்தார்கள். இந்நேரம் கூடியிருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு முறிந்த இடத்துக் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது.

"பிளேட்டு சும்மா முட்டு கொடுக்கத்தாம்மா" என்றார் டாக்டர். "ரத்தம் நல்லா ஓடி, புது எலும்பு மொளச்சு, அதுவா ஒட்டணும். சுகர் ஏறினா ஒட்டறது லேட்டாகும். உங்களுக்கு ஏறிக்கினே போகுதே... ஸ்வீட்டு துன்றீங்களா?"

"தொட்றதே இல்ல சார். ஏழுமலையான் சத்தியமா!"

"இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். கூடலைன்னா இடுப்பு எலும்புலேர்ந்து கொஞ்சம் எடுத்து அங்க வெக்கணும். மறுபடி ஆபரேஷன்தான்."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முதல் ஆபரேஷனுக்கே நடுங்கியவள்.

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அப்புறம் எப்படி ஏறுகிறது? யோசித்தபோது சுரீரென்றது. எங்கள் பக்கம் திருமலைக்குப் போய் வருகிறவர்கள், படுத்திருப்பவர்களைப் பார்க்க வெறும் கையோடா வருவார்கள்?

"அக்கா... லட்டு?"

"அது பிரசாதம்டா!" ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டதுபோல முறைத்தாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தேவுடா! தினமுமா?"

"யாராச்சும் கொண்டாந்துக்கினே கீறாங்க சார். வேணான்னு சொன்னா பாவமில்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரசாதத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கிற ஆள் நம்மில் யார்? விரதத்தன்றுகூட வாயில் போட்டுக்கொள்கிறோமே! அக்கா சத்தியம் செய்தபோது மனசாரத்தான் செய்தாள் — அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. தப்பு என்று தெரியாததை எப்படி நிறுத்துவது?

வீட்டுக்கு வந்தால், மொட்டைத் தலையோடு எதிர்வீட்டுக்காரர். கையில் லட்டு.

அக்கா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் போனதும் என்னிடம் நீட்டினாள்.

"நீயே துன்னுடா. சாமி கோச்சுக்காதில்ல?"

கோபித்துக்கொள்ளாது என்றேன். உண்மையைச் சொன்னால், இப்போதைக்கு எனக்குச் சாமியைவிட அந்தக் கறுப்புக் கோட்டிடம்தான் பயம்... சாமி மன்னிக்கட்டும்!