அண்ணனின் கடைசி ஞாயிறு: கிளாம்பாக்கத்திலிருந்து நெய்வேலிக்கு

மே மாதக் கடைசியில் நெய்வேலிக்கு யாராவது சுற்றுலா போவார்களா? நான் போனேன். சுரங்கத்தில் வேலை பார்த்த அண்ணன் ரிட்டையர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் முன், சபையில் அவருக்காக நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஆராதனை. "ஞாயித்துக்கிழம சாமு என் பக்கத்துல உக்காரணும். நீ சொன்னா கேப்பான், வா" என்று போனில் கெஞ்சினார். சாமுவேல் அவருடைய ஒரே மகன். அவன் கோயில் பக்கம் வந்தே நான்கு வருடமாகிறது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ். கட்டணம் 210 ரூபாய், தூரம் சுமார் 170 கிலோமீட்டர். பண்ருட்டி தாண்டியதும் காடாம்புலியூரில் சாலையோரம் பலாப்பழம் குவிந்து கிடக்கும். ஜன்னலோரம் உட்காருங்கள், வாசனை இலவசம். நான் முத்தாண்டிக்குப்பத்திலேயே இறங்கிவிட்டேன். சாமு அங்கேதான் மனைவி, குழந்தையோடு வாடகைக்கு இருக்கிறான். வழி கேட்ட ஆட்டோக்காரர், "கரண்டு வேல செய்யிற சாமு வூடுதானுங்க? போன வாரங்கூட எங்க தெரு மோட்டார சரி பண்ணிக் குடுத்தாரு" என்று வாசலிலேயே கொண்டுபோய் விட்டார். நாற்பது ரூபாய்.

சாமு சுரங்கத்தில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"அத்தே, கோயில்ல வாராவாரம் ஜெப விண்ணப்பம் வாசிப்பாங்கல்ல? ஆஸ்பத்திரில இருக்கறவங்க பேரெல்லாம் முடிஞ்சதும் என் பேரு வரும். 'சாமுவேலுக்கு பர்மனென்ட் ஆகணும்'னு. அப்பாதான் குடுப்பாரு. நான் வேலைக்குப் போயிக்கினுதான இருக்கேன்? எனக்கு என்ன வியாதி? வெளிய வந்தா ஆளாளுக்கு, 'இன்னும் ஆகலியாப்பா'ன்னு. என் பொண்டாட்டி முன்னாடியே."

அவனை வரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் நெய்வேலி டவுன்ஷிப் வாசலான ஆர்ச் கேட் வந்தேன். பதினைந்து ரூபாய். வீட்டில் அண்ணனிடம் அப்படியே ஒப்பித்தேன்.

"நல்லதுக்குத்தான எஸ்தரு கேட்டேன்" என்றார். டவுன்ஷிப்பில் எல்லாப் பெற்றோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பர்மனென்ட் ஆனால் ஆசீர்வாதம், ஆகாவிட்டால் இன்னும் ஜெபம் வேண்டும் என்று கணக்கு. கையிலிருக்கும் வேலையை உண்மையாகச் செய்கிறாயா என்றுதான் ஆண்டவர் கேட்பார், கான்ட்ராக்டா பர்மனென்டா என்றா கேட்கப் போகிறார்? அண்ணனை நன்றாகத் திட்டிவிட்டேன். திட்டிய பிறகு பாவமாக இருந்தது.

ஞாயிறு ஆராதனை எட்டரைக்கு. சாமு வரவில்லை. ஆண்டவர் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்லப் போதகர் அழைத்ததும் அண்ணன் எழுந்தார். வேலை, குவார்ட்டர்ஸ், சுகம் என்று வழக்கமான வரிசையில் சொல்வார் என்று காத்திருந்தோம்.

"இத்தன வருஷம் எம்மகனுக்காக உங்கள ஜெபிக்கச் சொன்னேன். அவன் உழைச்சு, குடிக்காம, குடும்பத்தப் பாத்துக்குறான். அதுக்கு நான் ஒரு நாளும் ஸ்தோத்திரம் சொன்னதில்ல. அவன் பேர இனிமே விண்ணப்பத்துல வாசிக்க வேணாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. கேட்க வேண்டியவன்தான் அங்கே இல்லை.

போகிறவர்களுக்கு: கோடையில் மதியம் வெளியே சுற்றாதீர்கள். திரும்பும் பஸ்கள் ஆர்ச் கேட்டிலேயே கிடைக்கும். ஞாயிறு மாலை கூட்டம் அதிகம், மூன்று மணிக்குள் ஏறிவிடுங்கள். பெற்றோருக்கு இன்னொன்று: பிள்ளைக்காக ஜெபியுங்கள், ஆனால் அவன் குறையை ஊருக்கு வாசித்துக் காட்டாதீர்கள்.

போன வாரம் அண்ணனுக்குப் போன் செய்தேன். வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டார். சாமு விடுப்பு போட்டு வந்து லாரியில் சாமான் ஏற்றினானாம், புது வீட்டுக்கு வயரிங்கும் செய்து கொடுத்தானாம்.

"கோயில்ல சொன்னத அவன்கிட்டச் சொன்னியாண்ணே?"

"நாள் பூரா கூடத்தான் இருந்தான் எஸ்தரு. சபை முழுக்க உக்காந்திருக்கும்போது சொல்ல முடிஞ்சுது. அவன் மொகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல."