சத்தமில்லாத படத்தில் அழ முடிவதில்லை

சினிமா பார்ப்பதில் எனக்குச் சலிப்பு வந்ததே இல்லை. ஆனால் பார்த்த படம் நல்ல படமா, மோசமான படமா என்று கேட்டால் இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், திங்கட்கிழமை காலை பிசிறு வெட்டும் மேசையில் உட்கார்ந்ததும் பெண்கள் முதலில் கேட்பது அதைத்தான். ஞாயிறு தவறாமல் தியேட்டருக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். குனிந்த தலை நிமிராமல் கதையைச் சொல்லிவிடுவேன். படம் எப்படி என்ற இடம் வந்தால், "பாக்கலாமுங்க" என்று மட்டும் சொல்லி, அடுத்த பனியனை எடுத்து நூலை வெட்ட ஆரம்பித்துவிடுவேன்.

நல்ல படம் என்று எல்லோரும் சொல்கிற படங்கள் அமைதியாக இருக்கின்றன. ஒருவர் ஜன்னலோரம் நின்று வெகுநேரம் வெளியே பார்க்கிறார். நாலு வரிசை தள்ளி யாராவது இருமினால் கேட்கிறது. எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வரும். மூக்கை உறிஞ்சினால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பாரே என்று அடக்கிக்கொள்வேன். அடக்கி அடக்கி, படம் முடியும்போது அந்த அழுகை எங்கே போனதென்றே தெரியாது. எல்லோரும் திட்டுகிற படத்திலோ காதை அடைக்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்குள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தாராளமாக அழுதிருக்கிறேன். வெளியே வந்து எதற்கு அழுதோம் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கும். அழவைத்தது நல்ல படமா, அழ விடாதது நல்ல படமா?

இந்தக் குழப்பம் என்னோடு இருந்துவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் வந்து கேட்டுவிட்டாள்.

அவள் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவள். எங்கள் கம்பெனியிலேயே ஓவர்லாக் மிஷினில் துணியின் ஓரம் தைக்கிறாள். புருஷன் இல்லை. ஒரே மகள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அரசாங்கக் காலேஜில் இடமும் கிடைத்துவிட்டது. அந்தப் பெண்ணோ காலேஜுக்குப் போக மாட்டேன், கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கூடப் படித்த இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்களாம். காலேஜில் சேர இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அம்மா திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பட்டினி கிடந்தும் பார்த்தாள். வீட்டில் இரண்டு பேருக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பனியன் கம்பெனிப் பெண் ஒருத்தியின் கதையைப் படமாக எடுத்து வெளியிட்டிருந்தார்கள். ஊரெல்லாம் நல்ல படம் என்று பேச்சு.

"அக்கா, நம்ம பொழப்ப அப்படியே எடுத்திருக்காகளாமே. அதக் கூட்டிட்டுப் போயி காமிச்சா இவளுக்குப் புத்தி வருமாக்கா? நான் எம்புட்டுச் சொல்லியும் கேக்க மாட்டேங்கிறா. நீங்க பாத்தீகள்ல, சொல்லுங்க."

நான் பார்த்திருந்தேன். பார்த்ததுதான் தொந்தரவு. அந்தக் கதாநாயகி தைத்துக்கொண்டே கண்ணீர் விடும் இடத்தில் மிஷினில் நூலே கோர்க்கவில்லை. நூல் இல்லாமல் எப்படித் தைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் எதற்கு அழுதாள் என்பதை விட்டுவிட்டேன். அதுபோக, சாயங்கால வெயில் விழுந்து அந்தக் கம்பெனி அத்தனை அழகாக இருந்தது. பெண்கள் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டே டீ குடித்தார்கள். இதைப் பார்த்தால் இந்தப் பெண் நாளைக்கே கம்பெனிக்கு வந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. ஆனால் படித்தவர்கள் நல்ல படம் என்கிறபோது நான் என்னத்தைக் கண்டேன்?

"எல்லாருமே நல்லாருக்குதுன்னுதான் சொல்றாங்க, கண்ணு" என்றேன். பொய்யில்லை. ஆனாலும் அன்றைக்கு முழுவதும் மனசு ஒரு நிலையில் இல்லை.

ஞாயிறு மத்தியானம் மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். அந்தப் பெண் என்னோடு பேசினாள், அம்மாவோடு பேசவில்லை. தியேட்டரில் போய்க் கேட்டால் அந்தப் படத்தை வெள்ளிக்கிழமையே எடுத்துவிட்டார்களாம். எங்களுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான் என்பது படம் எடுக்கிறவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. அந்த இடத்தில், கதாநாயகன் ஒரு லாரியையே தள்ளிவிடுகிற படம் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் நான் முன்பே வேறு தியேட்டரில் பார்த்திருந்தேன். கொலைகாரக் கும்பலை அடித்துப் போட்டுவிட்டு நடுராத்திரியில் வீட்டுக்கு வருகிறவன், அம்மா மூடி வைத்துவிட்டுத் தூங்கிப்போன ஆறின சோற்றை அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவான். அந்த இடத்தில் நான் அழுததை யாரிடமும் சொல்லவில்லை.

"வந்ததுக்கு இதையே பாத்துட்டுப் போவோம்க்கா" என்றாள் அவள். முகம் செத்துப்போயிருந்தது.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் முதல் சண்டை வந்தது. நாற்காலியே அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மாக்காரி தூங்கிவிட்டிருந்தாள். நான் ஆச்சரியப்படவில்லை. எங்கள் வீடுகளுக்குப் பின்னால் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் ஷெட் இருக்கிறது. ராப்பகலாக மிஷின் ஓடும். கரண்டு போய் மிஷின் நின்றால்தான் எங்கள் சந்தில் குழந்தைகள் முழித்துக்கொண்டு அழும். சத்தம் இருந்தால் எங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். அந்த வாரம் முழுக்க அவள் ஒன்றரை ஷிப்டு வேறு பார்த்திருந்தாள்.

அவள் தலை சரிந்து மகள் தோளில் விழுந்தது. மகள் தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். தள்ளவில்லை. முதலில் விறைப்பாக இருந்தாள். பிறகு தலை நழுவாதபடி தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள். அப்படியே அசையாமல் இருந்தாள். திரையைப் பார்க்கிறாளா, அம்மாவைப் பார்க்கிறாளா என்று கவனித்ததில் எனக்குப் படம் போய்விட்டது. இடைவேளையில் சத்தம் நின்றதும் அம்மாக்காரி திடுக்கென்று விழித்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சண்ட முடிஞ்சிருச்சாக்கா?"

"இன்னும் இருக்குது. நீ தூங்கு" என்றாள் மகள். அந்த வாரத்தில் அவள் அம்மாவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆறின சோறு வந்தபோது நான் மறுபடியும் அழுதேன். இந்தத் தடவை திரைக்கு அழுதேனா, பக்கத்தில் இருந்தவர்களுக்கு அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் காலேஜில் சேர்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவளுடைய அம்மா கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள், அப்படி ஒரு படம், பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று. அதைக் கேட்டு மேசைப் பெண்கள் குடும்பத்தோடு போய்விட்டு வந்தார்கள்.

"ஏனுங்க, அதுல என்னங்க இருக்குது? என்ற ஊட்டுக்காரரு பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டாருங்க" என்று ஒருத்தி என்னிடம் சண்டைக்கு வந்தாள். நான் குனிந்து நூலை வெட்டினேன்.

ஒருநாள் குழாயடியில் அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்தேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன், எதனால் மனசு மாறினாய் என்று. அவள் குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பஸ்ஸு நம்ம சந்து முக்குக்கே வருதுங்க பெரியம்மா. அதான்."

பஸ் முன்பும் அங்கேதான் வந்துகொண்டிருந்தது. அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது இரண்டாவது வருஷம் படிக்கிறாள். அவள் அம்மா அந்தப் படம் டிவியில் வந்தால் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு எதிரில் உட்காருகிறாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறாள்.