உப்பளத்து எஞ்சினும் மிச்சம் பிடிக்கிற கையும்

உப்பளத்துல எஞ்சின் மெக்கானிக்கா இருக்கிறவன் எஞ்சினை ரிப்பேர் பண்றது கொஞ்சம்தான். மிச்சம் பிடிக்கிறேன்னு ஜனங்க பண்ணி வச்சதை ரிப்பேர் பண்றதுதான் ஜாஸ்தி. டி.வி. ரிப்பேர் பண்றவங்க, தையல்காரங்க, டாக்டருங்க எல்லாருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். 'நானே பாத்துக்கலாம்னு நெனச்சேன்'னு ஆரம்பிச்சுக்கிட்டு நம்ம முன்னாடி வந்து நிக்கிறவங்க இல்லாத தொழில் எது, சொல்லுங்க.

மரக்காணத்துல அப்போ எனக்கு ஒரு சின்ன ஷெட். சுனாமிக்கு அடுத்த சீசன். வாய்க்கால்ல இருந்து பாத்திக்குத் தண்ணி ஏத்துற டீசல் எஞ்சினுங்கள்ல பாதிக்குமேல சேறு குடிச்சிருந்ததால வேலைக்குக் குறைவில்ல. நான் அதிகம் போனது தணிகாசலத்தோட அளத்துக்கு. மனுஷன் கெட்டிக்காரர், கையும் கெட்டி. அவர்கிட்ட கூலிக்கு உப்பு வாரிக்கிட்டிருந்த ஏழுமலையும் அவன் சம்சாரம் செல்வியும் அந்த வருஷம்தான் ஓரத்துப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு பழைய எஞ்சினும் வாங்கியிருந்தாங்க. "ஒரு சீசன் பாக்குறேன். ஒழுங்கா உப்பு எடுத்தா அடுத்த வருஷமும் உங்களுக்கு. இல்லன்னா பழையபடி கூலிக்கு வந்துடுங்க"ன்னு தணிகாசலம் கண்டிஷன் போட்டிருந்தாரு.

மிஸ்டு கால்

செல்போன் அப்பத்தான் ஊருக்குள்ள வந்திருந்துச்சு. ஆசைப்பட்டு ஒண்ணு வாங்கினேன், வாங்கின அன்னிக்கே மாட்டிக்கிட்டேன். தணிகாசலம் கடைத்தெருவுல இருக்கிற ஒரு ரூபா போன்ல இருந்து அடிப்பாரு. நான் எடுக்கிறதுக்குள்ள வச்சிடுவாரு, காசு திரும்ப அவர் கையில விழுந்துடும். ஒரு தடவை அடிச்சா எஞ்சின் நின்னுடுச்சுன்னு அர்த்தம். ரெண்டு தடவை அடிச்சா, நேரம் இருந்தா வந்து ஒரு பார்வை பாருன்னு அர்த்தம். இந்தச் சட்டத்தைப் போட்டதும் அவரேதான்.

ஒரு நாள் ஒரே ஒரு மிஸ்டு கால். கையில இருந்த வேலையைப் போட்டுட்டு, மொட்டை வெயில்ல வண்டியை முறுக்கிக்கிட்டுப் போனா, எஞ்சின் அது பாட்டுக்கு ஓடுது. இவர் கொட்டகை நிழல்ல உக்காந்து மோர் குடிக்கிறாரு. ரெண்டாவது தடவை அடிக்கிறதுக்குள்ள பஸ் வந்துடுச்சாம். என் பெட்ரோல் காசை யார் குடுப்பாங்கன்னு கேட்டேன். டம்ளரை நிதானமா கீழ வச்சாரு. "பெட்ரோல் உன்னுது, ரூபா என்னுது. அவங்கவங்க காசை அவங்கவங்கதாம்பா பாத்துக்கணும்."

கொட்டுற ஆயில்

எஞ்சின்ல இருந்து எறக்குற கறுத்த ஆயிலை ஷெட்டுக்குப் பின்னாடி கொட்டிடுவேன். ஒரு நாள் செல்வி கேனோட வந்து நின்னுச்சு. "கொட்டாதீங்கண்ணா, எனக்கு ஊத்துங்க"ன்னு கேட்டுச்சு. இதை எஞ்சினுக்குள்ள ஊத்தித் தொலைக்கப் போகுதேன்னு பயந்து பெரிய லெக்சரே அடிச்சேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, கேனை மறுபடியும் நீட்டுச்சு.

உள்ள ஊத்த இல்லையாம், வெளிய பூச. சாயந்திரம் எஞ்சின் நின்னதும் நல்ல தண்ணியில துணியை நனைச்சுத் துடைச்சு, காஞ்சதும் நட்டு, போல்ட்டு, ஸ்டாண்டுன்னு எல்லாத்துலயும் அந்த ஆயிலைத் தடவி விட்டுடும். உப்புக் காத்து பட்டா இரும்பு பக்கோடா மாதிரி பொரிஞ்சு போயிடும். தணிகாசலம் எஞ்சின்ல ஒரு நட்டைக் கழட்டணும்னா உளியை வச்சு வெட்டித்தான் எடுப்பேன். செல்வி எஞ்சின்ல ஸ்பேனரை வச்சா போதும், சொன்ன பேச்சைக் கேக்கும். எனக்குத்தான் கூலி குறைஞ்சுது, ஆனாலும் பாராட்டாம இருக்க முடியல. அதுக்கு அது சொல்லுச்சு: "நீங்க கொட்டுறதுதாண்ணா எங்க எஞ்சினுக்குத் தைலம்."

பித்தளை வால்வு

வாய்க்காலுக்குள்ள முங்கிக் கிடக்கிற பைப்போட நுனியில ஒரு ஃபுட் வால்வு இருக்கும். ஏறின தண்ணி திரும்ப எறங்காம அதுதான் பிடிச்சு வைக்கும். பித்தளையில வாங்கிப் போடுங்க, காலத்துக்கும் உழைக்கும்னு ரெண்டு பேருக்கும் சொன்னேன். தணிகாசலம் காதுலயே வாங்கல, மலிவா ஒரு பிளாஸ்டிக் வால்வை மாட்டிக்கிட்டாரு. ஏழுமலை என் பேச்சை வேதவாக்கா எடுத்துக்கிட்டு, பாண்டிக்குப் போய் நல்ல கனமா பாத்து வாங்கியாந்தான். மாட்டும்போது எனக்கே பெருமையா இருந்துச்சு.

மறு வாரம் வால்வைக் காணோம். எவனோ பைப்பை அறுத்து காயலாங்கடைக்குக் கொண்டு போயிட்டான். பித்தளைக்கு விலை இருக்குதுல்ல. பக்கத்துலயே தணிகாசலத்தோட பிளாஸ்டிக் வால்வு, தொட ஆளில்லாம ஜோரா தண்ணி இழுத்துக்கிட்டு கிடக்குது. ஏழுமலை என்னைத் திட்டல. திட்டியிருந்தாத் தேவலாம். அதுக்கப்புறம் நான் எது சொன்னாலும் 'ம்'னு மட்டும் சொல்ல ஆரம்பிச்சான். தணிகாசலத்துக்கு வாய் சும்மா இருக்குமா? "மெக்கானிக் பேச்சைக் கேட்டவனுக்கு வால்வு போச்சு, கேக்காதவனுக்குத் தண்ணி வருது."

எஞ்சினுக்குள்ள விளைஞ்சது

அந்த 'ம்'தான் வினையா முடிஞ்சுது. டீசல் எஞ்சின் சூடாகாம இருக்கணும்னா பக்கத்துல ஒரு டிரம்முல நல்ல தண்ணி வேணும். அது எஞ்சினைச் சுத்தி ஓடி குளுமை பண்ணும். ஓட ஓடக் குறையும், ஊத்திக்கிட்டே இருக்கணும். சித்திரை மாசம், ஊர்க் குழாய்ல குடிக்கிற தண்ணிக்கே சண்டை. குடங்களை சைக்கிள்ல கட்டி அளத்து வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்த ஏழுமலைக்கு ஒரு யோசனை தோணுச்சு: இவ்ளோ தண்ணி இறைக்கிற எஞ்சினுக்கு நாம எதுக்குத் தண்ணி சுமக்கணும்? பம்புல இருந்து ஒரு டியூபை இழுத்து, பாத்திக்குப் போற உப்புத் தண்ணியையே எஞ்சினுக்குள்ள விட்டுட்டான். வேணாம்பா, உள்ள உப்பு கட்டிக்கும்னேன். 'ம்'னான். எஞ்சினும் கொஞ்ச நாள் அவன் கட்சியில நின்னு ஜம்முனு ஓடுச்சு.

கத்திரி வெயில்ல, உப்பு நல்லா விளையுற நேரமா பாத்து, புகையைக் கக்கிட்டு நின்னுடுச்சு. எஞ்சினோட தலையில மூடி மாதிரி இருக்கிற ஹெட்டைக் கழட்டினா, விரிசல். தண்ணி ஓடுற வழி முழுக்க உப்பு அடைச்சுக்கிட்டு, ஸ்க்ரூ டிரைவரால குத்தினாலும் அசையல. அந்த வெயில்ல பாத்திக்குத் தண்ணி போகலன்னா தரை காஞ்சு வெடிச்சிடும். மறுபடி மிதிச்சுக் கெட்டி பண்றதுக்குள்ள சீசன் போயிடும், கூடவே குத்தகையும் போயிடும். ஏழுமலை தலையில கை வச்சுக்கிட்டு வரப்புல உக்காந்துட்டான். செல்வி ஹெட்டுக்குள்ள விரலை விட்டு அந்த உப்பைச் சுரண்டிப் பாத்துச்சு. "பாத்தியில விளையுறதைவிட இது நல்ல வெள்ளையா இருக்குதுண்ணா."

ஒட்டுறதா, புதுசா

திண்டிவனத்துல குடுத்தா விரிசலை வெல்டிங் வச்சுக் குடுப்பாங்க, செலவு கம்மின்னு ஏழுமலை சொன்னான். ஒட்டின ஹெட்டு அந்தச் சூட்டுல எப்போ விட்டுக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா பித்தளை வால்வு வாங்கச் சொன்னவன் எந்த முகத்தை வச்சுக்கிட்டு புது ஹெட்டு வாங்குன்னு சொல்றது? ஸ்பேனரைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். செல்வி விடல. "உங்க எஞ்சினா இருந்தா இன்னா பண்ணுவீங்க, அதைச் சொல்லுங்க"ன்னு கேட்டுச்சு. புதுசுதான் போடுவேன்னேன். வீட்டுக் கூரையை மாத்தச் சேத்து வச்சிருந்த காசை எடுத்தாந்து என் கையில வச்சுச்சு. மழைக்கு இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டேன். "வீடு ஒழுகினா குண்டான் வைக்கலாம். பாத்தி காஞ்சா எதைண்ணா வைக்கிறது?"

பக்கத்து வாய்க்கால்

புது ஹெட்டு மெட்ராஸ்ல இருந்து வரணும். அதுவரைக்கும் பாத்தி தாங்காது. செல்வி நேரா தணிகாசலத்துகிட்ட போய் தண்ணி கேட்டுச்சு. நானும் கூடப் போனேன், ஒரு ரூபாயை விடாத மனுஷன் இதுக்கு இன்னா கேப்பாரோன்னு. கன்னாபின்னான்னு ஏழுமலையைத் திட்டினாரு. எஞ்சினைத் திட்டினாரு, என்னையும் ஒரு பிடி பிடிச்சாரு. அப்புறம் மம்முட்டியை எடுத்துக்கிட்டுப் போய், தன் வாய்க்கால் கரையைத் தானே வெட்டி அவங்க பாத்திக்குத் திருப்பி விட்டாரு. எவ்ளோ குடுக்கணும்னு செல்வி கேட்டுச்சு. "கடல் தண்ணிக்கா காசு கேப்பேன்? டீசலை மட்டும் ஊத்திடு."

குத்தகை யாருக்கு

ஹெட்டு வந்துச்சு, எஞ்சின் ஓடுச்சு, ஏழுமலை மறுபடியும் குடத்தைத் தள்ளினான். ஐப்பசி மழைக்கு முன்னாடி உப்பைக் குவிச்சுக் கீத்து போட்டு மூடுற அன்னிக்கு நான் எஞ்சினை ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போக வந்திருந்தேன். தணிகாசலமும் வந்தாரு. குவியலை ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. ஏழுமலை அவர் பின்னாடியே நடக்கிறான்.

"பரவாயில்ல, எடுத்துட்டீங்க. அடுத்த வருஷமும் உங்களுக்குத்தான். ஆனா குத்தகை செல்விக்கு. பேச்சுவார்த்தை எல்லாம் இனிமே அதுகிட்டதான்"னாரு. கூலியாளுங்க முன்னாடியே சொன்னாரு. ஏழுமலை முகம் செத்துப் போச்சு. நான் எங்க பாக்குறதுன்னு தெரியாம கீத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். செல்வி கையில ஒட்டியிருந்த உப்பைத் தட்டி விட்டுட்டு, மெதுவாத்தான் சொல்லுச்சு. "தண்ணி சுமந்தவருக்குத்தாங்க அந்த டியூபைப் போடத் தோணும். குடுக்கிறதுன்னா ரெண்டு பேருக்கும் குடுங்க." தணிகாசலம் தலையாட்டிட்டு, குத்தகையை ரெண்டு பேர் பேர்லயும் போட்டாரு.

எது சிக்கனம், எது நஷ்டம்னு எஞ்சினைக் கழட்டினாத்தான் தெரியுது, அது தெரியுறதுக்குள்ள கழட்டின மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி கிடைச்சுடுது.